ஷோகேஸ் மேல் இருந்த பல்லி

இப்போதெல்லாம் யாருடைய போனும் சத்தம் போடுவதில்லை, கவனித்தீர்களா? பைக்குள் கிடந்து நடுங்குகிறது, அவ்வளவுதான். என்னோடு ஆபீசில் வேலை பார்க்கும் சின்னப் பிள்ளைகளுக்குத் தங்கள் போன் எப்படிக் கூவும் என்றே தெரியாது. நம் வயதுக்காரர்கள், அதாவது தலைக்கு மை தடவிக்கொண்டு இளநரை என்று சாதிக்கிறவர்கள், அப்படி இல்லை. பாட்டின் நடுவில் வரும் புல்லாங்குழல் மட்டும் வேண்டும், தபேலா வேண்டாம் என்று பிரௌசிங் சென்டரில் மல்லுக்கட்டியவர்கள் நாம். அந்தக் கதையை எடுத்தால் எல்லாரும் சிரிக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. சொந்தமாக ரிங்டோன் செய்வது என்றால் எனக்கு முதலில் வருவது பயம்தான். ஏன் என்று ஒரு தடவையாவது சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. எங்கள் வீடு உறையூரில். அப்பாவுக்கு லாரி புக்கிங் ஆபீசில் வேலை. அப்பாவின் ஒரே தங்கையான அத்தைக்கு அந்த வருஷம் தை மாதம் துறையூர்ப் பக்கம் கல்யாணம் செய்து கொடுத்திருந்தார்கள். தாத்தாவும் பாட்டியும் முன்பே போய்விட்டதால் அண்ணன்கள் இரண்டு பேரும்தான் தாரை வார்த்தார்கள். தலை ஆடிக்குப் பெண்ணை அழைத்துவருவது உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். அப்பா சீர்த்தட்டோடு போனார், அத்தையை அழைத்து வந்தார். ஆவணி பிறந்ததும் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும்.

அத்தை ஒரு சூட்கேசும் ஒரு போனும் கொண்டுவந்தாள். கலர் திரை, கேமரா, நகத்தின் அளவுக்கு ஒரு மெமரி கார்டு. எங்கள் தெருவில் அப்படி ஒரு போன் அன்றைக்கு யாரிடமும் கிடையாது. அவளுடைய வீட்டுக்காரர் கல்யாணப் பரிசாக வாங்கிக் கொடுத்தது. அவரை மாமா என்று கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். இப்போது அந்த வார்த்தை வாயில் வரவில்லை, அத்தை வீட்டுக்காரர் என்றே எழுதுகிறேன். பொண்டாட்டிக்கு இவ்வளவு பெரிய போனா என்று தெருவே வாய் பிளந்தது. எந்த நேரமும் கூப்பிட வசதியாகத்தான் வாங்கிக் கொடுத்தார் என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

முதல் ஆடி வெள்ளியன்று அம்மா அத்தைக்கு எண்ணெய் தேய்த்துவிடப் போனாள். சிறிது நேரத்தில் எண்ணெய்க் கையோடு கூடத்துக்கு வந்து, “என்னங்க, கொஞ்சம் இப்படி வாங்க” என்று அப்பாவைக் கூப்பிட்டாள். நான் கதவுக்குப் பின்னால் தலை பின்னிக்கொண்டிருந்தேன்.

“முதுகு பூரா பெல்ட்டுத் தடம்ங்க. பழசும் இருக்கு, புதுசும் இருக்கு.”

அப்பா பேப்பரை மடித்தார், மறுபடி மடித்தார், மடிக்க இடமில்லாத அளவுக்கு மடித்தார். “புதுசுல ஒண்ணு ரெண்டு அப்படி இப்படி இருக்கும். பேசிச் சரி பண்ணிக்கலாம். நீ யார்கிட்டயும் சொல்லிக்காத” என்றார். அன்று அவர்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் குரலில் இருந்ததும் பயம்தான் என்று இந்த வயதில் தெரிகிறது. என்ன, அவர் பயந்தது தெருவுக்கு. அத்தை பயந்தது அந்த ஆளுக்கு.

அத்தை அன்றைக்கே சொல்லிவிட்டாள், நான் திரும்பிப் போகமாட்டேன் என்று. யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆடிக்கு வந்த பெண் நாலு நாள் சிணுங்குவாள் என்று விட்டுவிட்டார்கள். போன் விஷயத்தில் மட்டும் அப்பா கண்டிப்பாக இருந்தார்.

“போனை அணைச்சு வைக்காதம்மா. கூடத்துலயே ஷோகேஸ் மேல இருக்கட்டும். அவரு கூப்பிடறப்ப நாம எடுக்கலைன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. தப்பு நம்ம பக்கம் இருக்கக் கூடாது.”

அப்படித்தான் அந்தப் போன் எங்கள் வீட்டு ஷோகேசின் மேல், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. அதற்குக் கம்பெனிக்காரன் வைத்து அனுப்பிய ஒரு மணிச் சத்தம் இருந்தது. கேட்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் அது அடித்தால் அம்மாவின் கரண்டி வாணலியில் நின்றுவிடும். அத்தை கையிலிருக்கும் பூச்சரம் நழுவும். சில நாள் யாரோ தெரியாமல் நம்பர் மாற்றிப் போட்டிருப்பார்கள், சில நாள் பெரியப்பாவாக இருக்கும். ஆனால் எடுத்துப் பார்க்கும்வரை எல்லாருக்கும் அவர்தான்.

அவர் அப்பாவிடம் பேசும்போது தேன் ஒழுகும். “மச்சான், சாப்பிட்டீங்களா? வெயில் எப்படி இருக்கு அங்க?” பிறகு அத்தையிடம் கொடுக்கச் சொல்வார். அத்தை போனைக் காதோடு அழுத்திக்கொண்டு “ம்” என்பாள். மறுபடி “ம்.” அவ்வளவுதான் நமக்குக் கேட்கும். முடித்துவிட்டுத் தண்ணீர்க் குடத்தடிக்குப் போய் முகம் கழுவிக்கொள்வாள்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியை ஒட்டிய சந்தில் பெரியப்பா வீடு. பெரியப்பாவுக்குப் பெரிய கடை வீதியில் பாத்திரக்கடை. அவருடைய மகள், என் அக்கா, காலேஜில் கம்ப்யூட்டர் படித்தாள். அவள் அறையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளும் ஒரு மென்பொருள் வைத்திருந்தாள், சத்தத்தை வெட்டவும் ஒட்டவும். பாட்டை உள்ளே விட்டால் சாம்பல் திரையில் நீல அலையாக விரியும். வேண்டிய இடத்தை மவுசால் தேய்த்துப் பிடித்து, மற்றதை வெட்டி எறியலாம். தொடக்கத்தில் சத்தம் மெல்ல ஏறும்படி செய்யலாம். எம்பி3 ஆக்குவதற்கு மட்டும் இன்னொரு துண்டுக் கோப்பைத் தனியாகத் தேடி இறக்கியிருந்தாள். அதைப் பற்றி ராக்கெட் விட்டவள் மாதிரி பேசுவாள். அந்தச் சந்தில் இருந்தவர்களுக்கெல்லாம் ரிங்டோன் செய்து கொடுத்தது அவள்தான்.

ஒரு சனிக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வருகிறோம் என்று சொல்லி அத்தை என்னை அழைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள். பாலத்தில் பஸ் திரும்பியபோது காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது தெரிந்தது. பஸ்ஸில் எல்லாரும் எட்டிப் பார்த்துக் கும்பிட்டார்கள். அத்தை பின்னால் வந்த மோட்டார் பைக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா அறையில் உட்கார்ந்ததும், “எனக்கு ஒண்ணு பண்ணித் தருவியாடி? யார் கூப்பிட்டாலும் ஒரே மணி அடிக்குது. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு நின்னு நின்னு வருது” என்றாள் அத்தை.

அக்காவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஆளுக்கு ஒரு சத்தம் வைத்துவிடலாம் என்றாள். அப்பா ஆபீசுக்கு லாரி ஹாரன். பெரியப்பாவுக்குக் கடை ஷட்டர் தூக்கும் சத்தம். அவளுக்கு அவளுடைய சிரிப்பே. கடைசியில் தயங்கித் தயங்கி, “அவருக்கு மட்டும் சத்தமே இல்லாம ஒரு டோன் செஞ்சு போட்டுடவா அத்தை? அடிச்சாலும் கேக்காது. நிம்மதியா இருக்கலாம்” என்றாள்.

அத்தை வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். “அவரு எப்ப கூப்பிடறாருன்னு எனக்குத் தெரியணும். எடுக்கலைன்னா வாசலுக்கே வந்துடுவேன்னு சொல்லியிருக்காரு. எனக்குத் தெரியணும், வீட்டுல யாருக்கும் தெரியக் கூடாது. அண்ணி பாவம், ஒவ்வொரு தடவையும் கை நடுங்குது அவங்களுக்கு.”

அப்படி ஒரு சத்தம் எங்கே இருக்கிறது என்று அக்கா பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் டியூப் லைட்டுக்குப் பின்னாலிருந்த பல்லி கத்தியது. அத்தை பழக்கத்தில் விரலால் மேஜையைத் தட்டி, “கிருஷ்ணா, கிருஷ்ணா” என்றாள். தட்டிய விரல் அப்படியே நின்றது. மெல்ல நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள்.

பல்லி வேண்டாத நேரமெல்லாம் கத்தும், வேண்டும் என்று காத்திருந்தால் வாயைத் திறக்காது. அக்கா ஹெட்போனின் மைக்கை ஒட்டடைக் கம்பில் கட்டி டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். ஃபேனை நிறுத்தியதால் எங்கள் மூன்று பேருக்கும் வேர்த்து ஊற்றியது. வெளியே போன பெரியப்பா எட்டிப் பார்த்து, “ஏன் இருக்கிற காத்தையும் நிறுத்திட்டு உக்காந்திருக்கீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசியில் அது கத்தியது. திரையில் நீல முள் நாலைந்து குத்திட்டு நின்றது. அடியில் ஃபிரிட்ஜின் உறுமல் படிந்திருந்தது. உறுமல் மட்டும் இருக்கும் இடத்தை அந்த மென்பொருளுக்கு முதலில் அடையாளம் காட்டி, பிறகு முழுவதிலிருந்தும் அதை எடுத்துவிடச் சொன்னாள் அக்கா. சுத்தமான பல்லி கிடைத்தது. அதன் பின்னால் வேண்டுமென்றே கொஞ்சம் வெறும் மௌனத்தைச் சேர்த்தாள்.

“நிஜப் பல்லி மூச்சு விடாமக் கத்தாது அத்தை. ஒரு தடவை சொல்லிட்டு யோசிக்கும்.”

அத்தை சிரித்தாள். அந்த ஆடியில் அவள் சிரித்துப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அக்கா அதிர்வை அணைத்துவைத்தாள். திரையின் வெளிச்சம் தெரியாமல் போனைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிக் கொடுத்தாள். எங்கள் மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

மறுநாள் சாயங்காலம் கூடத்தில் அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். ஷோகேஸ் மேலிருந்து பல்லி கத்தியது. அம்மா தரையைத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள். அத்தை எழுந்து போய், மணி பார்ப்பது போலப் போனைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். எவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது என்று முதலில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகுதான் பயம் பிடித்தது. எங்கள் வீட்டில் நிஜப் பல்லிகளும் இருந்தனவே. எது சுவரில் கத்துகிறது, எது ஷோகேசில் கத்துகிறது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அக்கா அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தாள். சாப்பிடும்போது கத்தினால் கை தட்டிலேயே நிற்கும். நான் சுவரைப் பார்ப்பேன், அத்தையைப் பார்ப்பேன். அவள் எழுந்திருக்காவிட்டால்தான் எனக்கு அடுத்த கவளம் இறங்கும்.

பெரியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சந்தோஷப்பட்டார்கள். “பாத்தியா, இப்பல்லாம் போனே வர்றதில்ல. மனுஷன் அடங்கிட்டாரு” என்றார் அப்பா. பெரியப்பாவுக்குச் சந்தோஷம் இரட்டிப்பு. அவர் கௌளி சாஸ்திரத்தில் கரை கண்டவர். எந்தத் திசையில் பல்லி சொன்னால் என்ன பலன் என்று காலண்டரின் பின்பக்கத்தைப் புரட்டாமலே சொல்வார். இந்த வீட்டுக் கூடத்தில் நல்ல திசையிலிருந்தே கௌளி சொல்கிறது, குடும்பத்துக்கு நேரம் திரும்பிவிட்டது என்றார். பக்கத்துக் கடையையும் எடுத்து நடத்தலாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோதுகூட ஒரு தடவை அது சொல்லியது. அன்றே எடுத்துவிட்டார். அத்தை காப்பித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு, கூடவே போனையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள்.

ஒரு நாள் நான் ஸ்கூல் விட்டு வந்தபோது அத்தை குளித்துக்கொண்டிருந்தாள். பை இறக்குமுன் ஷோகேஸ் கத்தியது. நின்றது. மறுபடி கத்தியது. அம்மா கூடத்துக்கு வந்து சுவரை அண்ணாந்து பார்த்தாள். “என்ன இது, விடாமக் கத்துது? விளக்குமாத்தை எடு, ஷோகேசுக்குப் பின்னாடிதான் எங்கயோ இருக்கு” என்றாள். போனை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடி, பொத்தானை அமுக்கிக் காதில் வைத்தேன். நான் மூச்சுகூட விடவில்லை.

“ஏன் இவ்வளவு நேரம்?” என்றார் அவர். அதட்டல் இல்லை. காதுக்குள் ரகசியம் சொல்வது மாதிரி இருந்தது. “உன் அண்ணன் பொண்ணு இப்பத்தான் வந்தா. வளந்துட்டா. ஒரு பக்க ரிப்பன் அவுந்து தொங்குது, அதைக்கூடப் பாக்காம நடக்கிறா.”

நான் கையைத் தூக்கித் தடவிப் பார்த்தேன். இடது பக்க ரிப்பன் அவிழ்ந்துதான் இருந்தது.

அத்தையிடம் மட்டும் சொன்னேன். அவள் ஈரத் தலையோடு என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். “யார்கிட்டயும் சொல்லாத குட்டி. சொன்னா அவரு வேற மாதிரி ஆயிடுவாரு” என்றாள். இதற்கு மேல் வேறு மாதிரி என்றால் என்ன என்று எனக்குக் கேட்கத் தைரியம் இல்லை. அன்றிலிருந்து நான் ரிப்பனை முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டேன். அவர் தெருமுனை டீக்கடையில்தான் இருப்பார் என்று நினைத்து, அதைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டு ஓடுவேன். விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டதும் உண்டு. வயசுப் பெண் இப்படியா ஓடுவாள் என்று அதற்கும் எனக்குத்தான் திட்டு விழுந்தது.

பதினெட்டாம் பெருக்கு வந்தது. ஸ்ரீரங்கத்துக் காவிரிக்கரையில், அம்மா மண்டபத்துப் படித்துறையில் அன்றைக்கு எள் போட்டால் எள் விழாது. வாழை இலையில் மஞ்சள் பிள்ளையார், காப்பரிசி, காதோலைக் கருகமணி. பெண்கள் ஒருவருக்கொருவர் கழுத்தில் மஞ்சள் கயிறு மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். புதுப்பெண் என்பதால் அம்மாதான் அத்தைக்குக் கட்டினாள். அத்தை குனிந்திருந்தாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டுப் போனது.

அப்போது பல்லி கத்தியது.

ஆற்றங்கரையில், திறந்த வெளியில், ஆடிக் காற்றில், ஒரு பல்லி. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் தன்னையறியாமல் படிக்கல்லைத் தட்டி, “கிருஷ்ணா” என்றாள். பிறகு, “இங்க ஏது பல்லி?” என்று சுற்றும் முற்றும் பார்த்தாள். சத்தம் அத்தையின் கூடையிலிருந்து வந்தது. அத்தை கூடையைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மண்டபத்தின் மேல்படியில் எத்தனையோ ஆண்கள் நின்றார்கள், எத்தனையோ பேர் காதில் போன் இருந்தது. அவர் முகம் அவற்றில் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. காவிரிக்குப் போகும்போது இப்போதும் நான் முதலில் தண்ணீரைப் பார்ப்பதில்லை, மேல்படியைத்தான் பார்க்கிறேன்.

ஆடியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரியப்பா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பின்னால் அக்காவும் வந்திருந்தாள். சாப்பாடு முடிந்ததும் பெரியப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டு, அத்தையைக் கூடத்துக்குக் கூப்பிட்டார். அம்மா சமையலறை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். நானும் அக்காவும் ஜன்னல் ஓரம்.

“ஆவணி ஒண்ணாந்தேதி நாள் நல்லாருக்கு. நானும் இவனுமா வந்து கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறோம். துணிமணி எடுத்து வெச்சுக்கம்மா” என்றார் பெரியப்பா.

“நான் போகலை பெரியண்ணே.”

“அப்படிச் சொல்லக் கூடாது. அடிச்சாரு, இல்லங்கலை. நான் ஆள் விட்டுக் கண்டிச்சிருக்கேன். இந்த ஒரு மாசத்துல ஒரு வார்த்தை தப்பாப் பேசினாரா?”

“போனே வர்றதில்லண்ணே” என்றார் அப்பா.

“அதைத்தான் சொல்றேன். மாப்பிள்ளைக்குப் புத்தி வந்துடுச்சு. இனிமே இவ அங்க நிம்மதியா இருப்பா.”

ஷோகேஸ் மேல் பல்லி கத்தியது.

பெரியப்பா கையை உயர்த்தினார். அம்மா தரையைத் தட்டினாள். “பாத்தீங்களா. வாயால சொல்லி வாய் மூடல, கௌளியே சொல்லிடுச்சு” என்றார் பெரியப்பா. அவர் முகம் மலர்ந்துபோயிருந்தது. அப்பாகூட ஒரு பெருமூச்சு விட்டார். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் என் தோலில் இறங்கியது. அக்கா சேர்த்துவைத்த அந்த மௌனம் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிவதற்குள் ஏதாவது நடந்துவிட வேண்டும், இல்லை எதுவுமே நடக்காமல் இருக்க வேண்டும், இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுபடி கத்தியது.

“ரெண்டாந்தரமும் சொல்லுது. இதுக்கு மேல என்னம்மா வேணும் உனக்கு?”

அத்தை என்னைப் பார்த்தாள். என் முகத்தையல்ல, என் ரிப்பனைப் பார்த்தாள். பிறகு எழுந்து ஷோகேஸ் பக்கம் போனாள். தலையாட்டி பொம்மையை நகர்த்திவிட்டுப் போனை எடுத்தாள்.

“பெரியவங்க பேசிட்டிருக்கோம், இப்ப என்னத்துக்குப் போனு?” என்றார் பெரியப்பா.

அது அத்தையின் கையில் மறுபடி கத்தியது. அவளுடைய உள்ளங்கையிலிருந்து பல்லிச் சத்தம் வந்ததைப் பெரியப்பா பார்த்தார். வெற்றிலை எடுத்த கை வாய்க்குப் போகாமல் நின்றது.

“பல்லி சொல்லுதுன்னீங்களேண்ணே” என்றாள் அத்தை. “என்ன சொல்லுதுன்னு கேளுங்க.”

பச்சைப் பொத்தானை அமுக்கி, ஸ்பீக்கரைப் போட்டு, போனைப் பெரியப்பாவின் முன்னால் தரையில் வைத்தாள்.

“என்ன, பஞ்சாயத்து முடிஞ்சுதா?” என்றது போன். அதே ரகசியக் குரல். “உங்க பெரியண்ணன் ஸ்கூட்டர் நிக்குது, பாத்தேன். ஒண்ணாந்தேதிதானே? வந்து எறங்கு. அண்ணனுங்க கிளம்பிப் போனப்புறம் இருக்கு உனக்கு. இந்தத் தடவை முதுகுல இல்ல, வெளிய தெரியற எடத்துலதான். வரலைன்னா எனக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. அந்த ரிப்பன்காரி ஸ்கூலுக்குத் தனியாத்தானே போறா. ம் சொல்லு. என்ன, சத்தத்தையே காணோம்?”

யாரும் ம் சொல்லவில்லை. ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொண்டது. அது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும், போன் கூடத்தின் நடுவில் இருக்கிறது என்று புரிந்துகொண்டு வைத்துவிட்டார்.

அப்பா எழுந்தார். அவர் கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது. செருப்புக்கூடப் போடாமல் வாசலுக்குப் போனார். தெருமுனையில் ஒரு மோட்டார் பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, பட்டப்பகலில் ஒருநாளும் சாத்தாத எங்கள் வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் பின்னலைக் கையில் எடுத்தார். ரிப்பனின் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கப் பார்த்தார். முடிச்சுமேல் முடிச்சாக இறுகியிருந்ததால் முடியவில்லை.

“எத்தனை நாளாம்மா இது?” என்று அத்தையைப் பார்க்காமலே கேட்டார்.

“ஆடி முழுக்கண்ணே.”

பெரியப்பா வேறு ஒன்று கேட்டார். நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் அவர் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்: “கௌளி சத்தத்தையாடி போன்ல வெச்சீங்க? பாவம்டி அது.” அக்கா அழ ஆரம்பித்தாள். அம்மா சமையலறை வாசலிலிருந்து எழுந்து வந்தாள். அவள் பெரியப்பா எதிரில் குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை.

“பாவம் எதுன்னு இப்பவாவது பாருங்க மாமா. புள்ளைங்க பல்லியை வெச்சது பாவமா, நம்ம புள்ளைய அங்க கொடுத்தது பாவமா?”

பெரியப்பா வெற்றிலையை மெல்லாமலே தட்டில் வைத்துவிட்டார்.

ஆவணி பிறந்தது. அத்தையின் சூட்கேஸ் பரணுக்குப் போனது. அப்பாவும் பெரியப்பாவும் அந்தப் போனை எடுத்துக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனார்கள், வக்கீலிடம் போனார்கள். அலையாய் அலைந்து ஒருவழியாக அத்தைக்கு விவாகரத்து வாங்கினார்கள். அதுவரை அப்பா தினமும் என்னை ஸ்கூலில் விட்டுக் கூட்டி வந்தார். அன்று மத்தியானம் நடந்ததைப் பற்றி அவர் அத்தையிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அந்தத் தலைமுறைக்கு அது வராது. அத்தை பிற்பாடு புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜையில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றைக்கு நாள் முழுக்க அவளைச் சுற்றிப் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, பதறாமல் எடுக்கிறாள். பெரியப்பா பல்லி சொல்லி எடுத்த பக்கத்துக் கடையும் நன்றாகத்தான் ஓடியது. அதைப் பற்றி அவரிடம் கேட்கும் தைரியம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை.

அந்தப் பல்லியை அக்கா அன்றே அழித்துவிட்டாள். வீடு மாற்றியபோது போன் எங்கோ போய்விட்டது. தலையாட்டி பொம்மை மட்டும் என்னிடம் இருக்கிறது, தலை ஆடுவதில்லை.

ஆனால் நிஜப் பல்லிகள் கத்திக்கொண்டுதான் இருந்தன. அந்த ஆடிக்குப் பிறகு எங்கள் கூடத்தில் பல்லி கத்தினால் யாரும் தரையைத் தட்டியதில்லை. எல்லாத் தலையும் ஷோகேஸ் பக்கம் திரும்பும். பெரியப்பா வந்திருந்தால் அவர் பேச்சை அப்படியே நிறுத்திவிடுவார். அவ்வளவு சாஸ்திரம் தெரிந்தவர், திசை பார்க்கமாட்டார், பலன் சொல்லமாட்டார். வயதாகிக் காது மந்தமான பிறகும், போன் எல்லாம் மாறி ஷோகேசே இல்லாமல் போன பிறகும், யாராவது நிமிர்ந்து பார்ப்பதைக் கண்டால்கூட அவர் முகம் வெளிறும். அத்தையைத் தேடுவார்.

“போனாம்மா?”

அத்தை செய்துகொண்டிருக்கும் வேலையை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் போவாள். காதருகே குனிந்து, அவருக்குக் கேட்கும்படி நிதானமாகச் சொல்வாள்.

“இல்லண்ணே. பல்லிதான்.”